பஞ்சு மாறிவிட்டதா? செல்லுலோஸின் வேதிமாற்றத்தை அகச்சிவப்பு நிறமாலையில் படிப்பது எப்படி

"1740-இல் முகடு வந்துவிட்டது" என்று ஆய்வு மாணவர் ஒருவர் மகிழ்ச்சியோடு வந்து நின்றால், நான் முதலில் கேட்பது "எத்தனை முறை கழுவினீர்கள்?" என்றுதான். பல முகங்கள் அங்கேயே வாடிவிடும். பஞ்சு இழையின் மூலப்பொருளான செல்லுலோஸோடு எஸ்டர் தொகுதி பிணைந்தாலும் அகச்சிவப்பு நிறமாலையில் 1740 செ.மீ⁻¹ அலையெண்ணில் முகடு வரும். கழுவாமல் விட்ட எத்தில் அசிட்டேட் தங்கியிருந்தாலும் வரும். பிளாஸ்டிக் பொருள்களிலிருந்து கசிந்த தாலேட் ஒட்டியிருந்தாலும் அதன் அருகிலேயே வரும். கருவி எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் வரைந்து காட்டும். அது பிணைப்பிலிருந்து வந்த முகடுதான் என்று நிரூபிப்பது நம் வேலை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த வேலையைப் பற்றியது.

எடுத்துக்கொள்ளும் உதாரணம், பருத்திப் பஞ்சை அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அசிட்டைலேற்றம் செய்வது, அதாவது அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளை அசிட்டேட் எஸ்டராக்குவது. 1865-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷூட்சன்பெர்கர் செய்து காட்டிய பழைய வினை. பிற்காலத்தில் புகைப்படச் சுருள், சிகரெட் வடிகட்டி, மூக்குக்கண்ணாடிச் சட்டம் எல்லாம் இந்தச் செல்லுலோஸ் அசிட்டேட் குடும்பத்திலிருந்து வந்தவை. இதில் தேர்ச்சி வந்துவிட்டால் மற்ற வேதிமாற்றங்களுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

காகிதத்தில் தொடங்குங்கள்

செல்லுலோஸ் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகின் நிறை 162.14. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள், இரண்டாம், மூன்றாம், ஆறாம் கார்பன்களில். ஓர் அலகுக்குச் சராசரியாக எத்தனை தொகுதிகள் மாறின என்பதே பதிலீட்டு அளவு, அதிகபட்சம் 3. ஒரு ஹைட்ரஜன் போய் அதனிடத்தில் ஓர் அசிட்டைல் வந்தால் நிறை 42.04 கூடும். ஆகவே 2.00 கிராம் உலர்ந்த பஞ்சு பதிலீட்டு அளவு 0.42-ஐ எட்டினால், எதுவும் கரைந்து போகாத பட்சத்தில், ஏறத்தாழ 2.22 கிராம் ஆக வேண்டும். இந்தக் கணக்கை வினைக்கு முன்பே நோட்டில் எழுதி வையுங்கள். நிறமாலையில் முகடு பெரிதாக நின்று தராசு அசையவே இல்லையென்றால் எங்கேயோ தவறு இருக்கிறது என்று அன்று மாலையே தெரிந்துவிடும்.

தூய பஞ்சின் முகத்தைப் பழகிக்கொள்ளுங்கள்

மருந்துக்கடையில் கிடைக்கும் உறிஞ்சு பஞ்சு போதும். அது ஏற்கெனவே மெழுகு நீக்கி வெளுக்கப்பட்டது. சிலவற்றில் விஸ்கோஸ் (கரைத்து மீண்டும் இழையாக்கிய செல்லுலோஸ்) கலந்திருக்கலாம். உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். கொட்டை நீக்கிய கச்சாப் பஞ்சு என்றால் மெழுகை எத்தனாலில் சாக்ஸ்லெட் கருவி (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் கண்ணாடிக் கருவி) கொண்டு பிரித்தெடுத்த பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 2918, 2849 ஆகிய இடங்களில் மெழுகின் கூர்முகடுகளும் 1735 அருகே ஒரு சின்ன மேடும் முதல் நாளிலேயே உட்கார்ந்திருக்கும்.

தூய செல்லுலோஸின் நிறமாலையில் (எண்கள் எல்லாம் அலையெண், செ.மீ⁻¹ அலகில்) 3340-ஐ மையமாகக் கொண்ட அகன்ற பட்டை ஹைட்ராக்சிலுடையது. 2900 அருகே கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி. 1640-இல் தெரிவது செல்லுலோஸே அல்ல, அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். 1430, 1370, 1335, 1315 என்று வரிசையாக வளைவு அதிர்வுகள். 1160-இல் கார்பன்–ஆக்சிஜன்–கார்பன் பாலம். 1105, 1055, 1030 என்று ஒன்றோடொன்று ஒட்டிய உயர்ந்த மலைத்தொடர். கடைசியில் 897-இல் பீட்டா கிளைகோசைடு பிணைப்பைக் காட்டும் சிறு முகடு.

கவனிக்க வேண்டிய இடம் 1650-க்கும் 1850-க்கும் நடுவே உள்ள சமவெளி. தூய செல்லுலோஸில் அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது. நம் செய்தி எழுதப்படப் போவது அந்த வெற்றுத் தாளில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாழைநார், தேங்காய்நார், சணல் ஆகியவற்றை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு அந்தத் தாள் வெற்றாக இருக்காது. அவற்றில் செல்லுலோஸோடு கலந்திருக்கும் வேறொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ் இயற்கையிலேயே அசிட்டைல் தொகுதிகளைத் தாங்கி நிற்பதால், எதுவும் செய்யாத நாரிலேயே 1735 முகடு இருக்கும். காரத்தில் ஊறவைத்தால் அது மறையும். அந்த மறைவை "செல்லுலோஸில் வேதிமாற்றம்" என்று எழுதிய ஆய்வேடுகளைப் புரட்டியிருக்கிறேன். உண்மையில் ஹெமிசெல்லுலோஸ் கழன்று போயிருக்கிறது, அவ்வளவுதான். கற்றுக்கொள்ளும் காலத்தில் பருத்தியோடு நின்றுகொள்வது நல்லது.

ஒரு மாதிரி அல்ல, ஒரு குடும்பம்

வினைக்கு உட்படுத்திய பஞ்சையும் எதுவும் செய்யாத பஞ்சையும் மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. குறைந்தபட்சம் இவை வேண்டும்: எதுவும் செய்யாத பஞ்சு, வினை இல்லாமல் எல்லாக் கழுவல்களையும் மட்டும் கடந்த பஞ்சு, வினையூக்கி இல்லாத அன்ஹைட்ரைடில் அறை வெப்பநிலையில் ஐந்து நிமிடம் நனைத்து உடனே எடுத்துக் கழுவிய பஞ்சு, பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் வினைபுரிந்தவை.

மூன்றாவது மாதிரியைத்தான் யாரும் செய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். வினை நடக்க நேரமில்லை, ஆனால் வினைப்பொருளில் முழுக்க நனைந்திருக்கிறது. அதில் 1740 தெரிந்தால் உங்கள் கழுவல் போதவில்லை. கழுவலைச் சரிசெய்யும் வரை மற்ற மாதிரிகளைத் தொடவே வேண்டாம்.

வினையும் கழுவலும்

அயோடினை வினையூக்கியாகக் கொண்ட முறை பழகுவதற்கு எளிது, வேறு கரைப்பானும் தேவையில்லை. கத்தரிக்கோலால் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி உலர்த்திய பஞ்சு 2 கிராம், அசிட்டிக் அன்ஹைட்ரைடு 40 மில்லிலிட்டர், அயோடின் 0.2 கிராம், உருண்டைக் குடுவையில் ஈரம் புகாமல் 100 °செ-இல் கிளறுங்கள். பந்து அரவையில் பஞ்சைப் பொடியாக்க வேண்டாம். இழையின் படிக ஒழுங்கு அரவையிலேயே சிதைந்துவிடும், பிறகு எது வினையால் வந்தது, எது அரவையால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அன்ஹைட்ரைடு கண்ணைக் கரிக்கும், தோலை அரிக்கும். புகைப்போக்கி அறைக்கு வெளியே குப்பியைத் திறக்காதீர்கள். இந்தியாவில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருளும்கூட. வாங்குவதற்கும் இருப்புக் கணக்குக்கும் ஆவணங்கள் வேண்டும் என்பதால், திட்டத்தின் முதல் வாரத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

நேரம் முடிந்ததும் குளிரவைத்து, எத்தனாலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பிறகு அயோடினின் பழுப்பு நிறம் மறையும் வரை சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல். அடுத்து நிறையத் தண்ணீர், ஏனெனில் தயோசல்பேட்டு எஞ்சினால் 1000-க்கும் 1120-க்கும் அருகே அதன் பட்டைகள் செல்லுலோஸின் மலைத்தொடருக்குள் ஒளிந்துகொள்ளும். கடைசியாக மீண்டும் எத்தனால். மூன்று விஷயங்கள் இங்கே பலரைக் கவிழ்க்கின்றன.

அசிட்டோனில் கழுவுவது முதலாவது. சீக்கிரம் உலரும் என்று அதை எடுக்கிறார்கள். பதிலீட்டு அளவு 2.5 அருகே உள்ள செல்லுலோஸ் அசிட்டேட் அசிட்டோனில் நன்றாகக் கரையும். இழையின் மேற்பரப்பில் அதிகம் வினைபுரிந்த தோல் மட்டும் கரைந்து கழுவு நீரோடு போய்விட்டால், நீங்கள் அளப்பது வினை குறைவாக நடந்த மிச்சத்தை.

இரண்டாவது, வடிதாளில் வடிப்பது. வடிதாளும் செல்லுலோஸ்தான்! சுரண்டி எடுக்கும்போது அதன் இழைகளும் கூடவே வரும். அகச்சிவப்பில் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. கண்ணாடி வடிதட்டு கொண்ட மூசையைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. எத்தனாலும் எஞ்சிய அன்ஹைட்ரைடும் சேர்ந்தால் எத்தில் அசிட்டேட் உருவாகும். அதன் கார்போனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) முகடும் 1740-இல்தான். கொதிநிலை 77 °செ என்பதால் ஒழுங்காக உலர்த்தினால் போய்விடும். அவசரப்பட்டு ஈரத்தோடு கருவியில் வைத்தால் நம்மை ஏமாற்றும்.

கழுவி முடித்தாயிற்றா என்பதைக் கடைசிக் கழுவு திரவத்திடமே கேட்கலாம். அதில் ஒரு துளியைக் கருவியில் மாதிரி வைக்கும் வைரப் படிகத்தின் மேல் விட்டு, தானாக உலரவைத்து, நிறமாலை எடுங்கள். கோடு தட்டையாக இருந்தால் ஆவியாகாத எதுவும் இனி வெளியேறவில்லை. ஐந்து நிமிட வேலை.

உலர்த்துதல்

சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏழெட்டு விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில், அதுவும் ஐப்பசியில், உலர்த்தி எடுத்த பஞ்சு மேசைக்கு வருவதற்குள் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். அசிட்டைலேற்றம் ஆன பஞ்சு நீரைக் குறைவாக விரும்பும். ஆகவே 3340 பட்டை சிறுத்துத் தெரிவதில் எவ்வளவு பங்கு மறைந்த ஹைட்ராக்சிலுக்கு, எவ்வளவு பங்கு குறைந்த தண்ணீருக்கு என்ற குழப்பம் வரும். எல்லா மாதிரிகளையும் வெற்றிட அடுப்பில் 60 °செ-இல் இரவு முழுக்க வைத்து, பாஸ்பரஸ் பென்டாக்சைடு உள்ள உலர்கலனில் ஆறவைத்து, ஒரே நாளில், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அளவிடுங்கள். 1640 முகட்டின் உயரம் மாதிரிக்கு மாதிரி ஏறி இறங்கினால் ஹைட்ராக்சில் பட்டையைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

கருவியில் அமரும்போது

இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் ஏடிஆர் இணைப்போடு (ஒளியைப் படிகத்துக்குள் எதிரொளிக்கவைத்து, படிகத்தைத் தொடும் மாதிரியின் மேற்பரப்பை அளப்பது) கூடிய எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்புக் கருவிதான். பஞ்சை வைரத்தின் மேல் வைத்து அழுத்தினால் போதும். ஆனால் ஒளி பஞ்சுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4, செல்லுலோஸுக்கு ஏறத்தாழ 1.5, படுகோணம் 45 பாகை என்று வைத்துக்கொண்டால், ஊடுருவும் ஆழம் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1740-இல் அது 1.15 மைக்ரோமீட்டர், 1030-இல் ஏறக்குறைய 1.95, 3340-இல் வெறும் 0.6. பருத்தி இழையின் தடிமனோ 12 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். குறைந்த அலையெண் முகடுகள் இயல்பைவிட உயரமாகத் தெரியும். மென்பொருளில் உள்ள ஏடிஆர் திருத்தத்தைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுத்து, எல்லா மாதிரிகளுக்கும் ஒன்றுபோலச் செய்யுங்கள். அதைவிடப் பெரியது, நீங்கள் பார்ப்பது இழையின் தோலை மட்டும். திண்ம நிலையில் இருக்கும் இழையில் வினை வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஆகவே ஏடிஆர் காட்டும் மாற்றம், இழை முழுவதின் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். அதே மாதிரியை 1 மில்லிகிராம் எடுத்து 200 மில்லிகிராம் உலர்ந்த பொட்டாசியம் புரோமைடோடு கலந்து வில்லை அழுத்தி ஊடுகடத்தலிலும் எடுத்தால் முழு இழையின் சராசரி கிடைக்கும். ஏடிஆரில் 1740 ஓங்கி நின்று, வில்லையில் அடங்கி இருந்தால், வினை தோலோடு நின்றுவிட்டது என்று படிக்கலாம். பஞ்சு நீரை விலக்க வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் அது நல்ல செய்தியும்கூட.

பிரிதிறன் 4 செ.மீ⁻¹, அலகீடு 64 முறை, எல்லை 4000 முதல் 600 வரை. தொடங்குமுன் பாலிஸ்டைரின் படலத்தை வைத்து 1601 முகடு தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியை ஒவ்வொரு மாதிரிக்கு முன்பும் புதிதாக எடுங்கள். காற்றிலுள்ள நீராவியின் முட்கள் 1400-இலிருந்து 1900 வரை நீள்வதால் நம் சமவெளி மேலேயே வந்து விழும். 2350 அருகே தெரிவது கார்பன் டைஆக்சைடு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு மாதிரிக்கு ஐந்து வெவ்வேறு இடங்களிலிருந்து பஞ்சைக் கிள்ளி அளந்து, ஐந்து கோப்புகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அழகான ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அழிப்பது கெட்ட பழக்கம்.

படிக்கும் முறை

வினை நடந்திருந்தால் மூன்று முகடுகள் ஒன்றாக வளர வேண்டும். 1740-இல் எஸ்டர் கார்போனைல். 1370-இல் மெத்தில் வளைவு (அங்கே செல்லுலோஸின் முகடு ஏற்கெனவே உண்டு, அது பருக்கும்). 1235-இல் அசிட்டைலின் கார்பன்–ஆக்சிஜன் நீட்சி. இந்த மூன்றும் அரை மணி மாதிரியிலிருந்து நான்கு மணி மாதிரி வரை சேர்ந்தே ஏற வேண்டும். 1740 மட்டும் தனியாக ஏறி 1235 அசையாமல் இருந்தால் மாசைத் தேடுங்கள். கையுறை, பிளாஸ்டிக் கழுவு குப்பி, மூடி ஓரத்தில் தடவிய மசகு என்று குற்றவாளிகள் பலர். சிலிகோன் மசகு என்றால் 1260-இலும் 800-இலும் கூர்மையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

வரக்கூடாதவையும் உண்டு. 1820 அருகே முகடு இருந்தால் அன்ஹைட்ரைடு எஞ்சியிருக்கிறது. 1710 அருகே தோள் தெரிந்தால் தனி அசிட்டிக் அமிலம். இரண்டும் இல்லையென்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்; இல்லாததும் சான்றுதான்.

ஹைட்ராக்சில் பட்டை சிறுப்பதோடு அதன் மையமும் நகரும். பதிலீடு அதிகமாகும்போது ஹைட்ரஜன் பிணைப்பு வலை குலைந்து, எஞ்சிய ஹைட்ராக்சில்கள் 3480 பக்கம் ஒதுங்கும். 897 முகடும் வடிவம் மாறும். ஆகவே 897-ஐ ஒப்பீட்டு முகடாக வைக்காதீர்கள். மெத்தில் கலப்பதால் 1370-ஐயும் 2900-ஐயும் தவிர்த்துவிடுங்கள். நான் 1160-இன் பரப்பை வைத்து வகுப்பேன், 1030-இன் உயரத்தை வைத்தும் ஒருமுறை சரிபார்ப்பேன். இரண்டு விகிதங்களும் மாதிரிகளை ஒரே வரிசையில் அடுக்கினால் நிம்மதி.

எண்ணாக மாற்றுதல்

1740-க்கும் 1160-க்கும் உள்ள விகிதம் பதிலீட்டு அளவு ஆகாது. அதை அளவாக்க வேறொரு முறையின் துணை வேண்டும். பழைய சோப்பாக்கல் முறையே போதும்: 0.5 கிராம் மாதிரியை 75 விழுக்காடு எத்தனாலில் மிதமான சூட்டில் ஊறவைத்து, 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை அளந்து ஊற்றி, மூடி இரண்டு மூன்று நாள் வைத்து, மிஞ்சிய காரத்தை 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பாருங்கள். வினைபுரியாத பஞ்சையும் அதேபோல் செய்து, இரண்டு அமில அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்.

வித்தியாசம் 2.32 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2.32-ஐ 0.5-ஆலும் 4.304-ஆலும் பெருக்கி, மாதிரியின் எடையான 0.5-ஆல் வகுத்தால் அசிட்டைல் 10 விழுக்காடு. பதிலீட்டு அளவுக்கு, அதை 162-ஆல் பெருக்கி (1620), 4300-இலிருந்து 42 மடங்கு விழுக்காட்டைக் கழித்ததால் (3880) வகுக்க வேண்டும்: 0.42. தொடக்கத்தில் போட்ட எடைக் கணக்கு நினைவிருக்கிறதா? 2.00 கிராம் 2.22 கிராம் ஆகியிருந்தால் தராசும் பியூரெட்டும் ஒரே கதையைச் சொல்கின்றன. பியூரெட்டில் 0.05 மில்லிலிட்டர் பிசகினாலே விடை இரண்டு விழுக்காடு நகரும். மூன்று முறை செய்யுங்கள்.

எல்லா மாதிரிகளுக்கும் இப்படி எடுத்த பதிலீட்டு அளவை நிறமாலை விகிதத்துக்கு எதிரே வரைந்தால் உங்கள் சொந்த அளவுகோல் கிடைக்கும். இன்னொருவர் வெளியிட்ட கோட்டைக் கடன் வாங்காதீர்கள். அவருடைய படிகம் வேறு, அழுத்தம் வேறு, இழை வேறு.

திரும்பப் பெறும் சோதனை

எஸ்டர் என்றால் காரத்தில் உடைய வேண்டும். நான்கு மணி மாதிரியில் கொஞ்சத்தை எத்தனால் கலந்த 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஓரிரவு வைத்து, நடுநிலையாகும் வரை கழுவி, உலர்த்தி, மீண்டும் நிறமாலை எடுங்கள். 1740-உம் 1235-உம் மறைந்து, 1370 பழைய உயரத்துக்கு இறங்கி, சமவெளி மறுபடி வெற்றாக வேண்டும். மறைந்தால் அது எஸ்டர். எத்தனாலில் நெடுநேரம் சாக்ஸ்லெட்டில் கழுவியும் போகாமல், காரத்தில் மட்டும் போனால், அது வெறுமனே ஒட்டிய எஸ்டர் அல்ல, இழையோடு பிணைந்தது என்று துணிந்து எழுதலாம்.

காரத்தின் செறிவை ஏற்றிவிட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால், ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்ற அந்த மெர்சரைசிங் நடந்துவிடும்: செல்லுலோஸ் முதல் படிக வகையிலிருந்து இரண்டாம் படிக வகைக்கு மாறும், 1430 முகடு மெலிந்து 1420 பக்கம் நகரும், 897 பருக்கும். வேதிமாற்றத்தைச் சோதிக்கப் போய்ப் படிக வடிவத்தை மாற்றிவிட்டு வந்திருப்பீர்கள்.

மற்ற கருவிகள் எப்போது

எந்தக் கார்பனில் பிணைந்தது என்ற கேள்விக்கு அகச்சிவப்பு பதில் சொல்லாது. திண்மநிலை கார்பன்-13 என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அசிட்டைலின் கார்போனைல் 171 பிபிஎம் அருகிலும் மெத்தில் 21 அருகிலும் தனித்து நிற்கும். நான்காம் கார்பனின் ஒழுங்கான பகுதி 89-இலும் ஒழுங்கற்றது 84-இலும் வருவதால் படிகப் பகுதி தாக்கப்பட்டதா என்பதையும் பார்க்கலாம். ஹைட்ரஜனிலிருந்து கார்பனுக்கு முனைவாக்கத்தைக் கடத்தும் சாதாரணக் குறுக்குமுனைவாக்க முறையில் பரப்புகளை அப்படியே அளவாக எடுக்கக் கூடாது. மாதிரி டைமெத்தில் சல்பாக்சைடில் கரையும் அளவுக்கு மாறியிருந்தால் கரைசல் என்எம்ஆர் இதைவிட நல்லது.

மேற்பரப்பின் பத்து நானோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அறிய எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை). தூய செல்லுலோஸில் ஆக்சிஜன்–கார்பன் விகிதம் 0.83, எஸ்டர் கார்பன் 289 எலக்ட்ரான்வோல்ட் அருகே புதிதாகத் தலைகாட்டும். காற்றிலிருந்து படியும் கார்பன் மாசு 285-இல் எப்போதும் இருக்கும், திடுக்கிட வேண்டாம்.

அசிட்டேட் அல்லாதவை

டெம்போ என்ற வினையூக்கி கொண்டு செய்யும் ஆக்சிஜனேற்றத்தில் ஆறாம் கார்பன் கார்பாக்சிலேட் ஆகிறது. சோடியம் உப்பாக இருக்கும்போது அது 1605-இல் வந்து 1640 தண்ணீரோடு கலந்து தொலையும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்துக் கழுவினால் 1725-க்கு நகர்ந்து, சமவெளியில் தெளிவாக நிற்கும். சக்சினிக் அன்ஹைட்ரைடு வினையில் சிக்கல் நேர்மாறானது: எஸ்டரும் அமிலமும் 1725-இல் ஒன்றன்மேல் ஒன்று குந்தியிருக்கும். சோடியம் பைகார்பனேட்டில் நனைத்தால் அமிலம் மட்டும் 1570 பக்கம் இறங்கி, எஸ்டர் 1730-இல் தனியாகத் தெரியும். இரண்டுமே ஒரே தந்திரம்தான், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

சிலேன் (சிலிகான் சேர்மம்) பூச்சுக்கு மட்டும் அகச்சிவப்பை நம்பி இறங்காதீர்கள். சிலிகான்–ஆக்சிஜன் பட்டைகள் 1000 முதல் 1130 வரை, அதாவது செல்லுலோஸின் மலைத்தொடருக்குள்ளேயே விழும். கழித்தல் நிறமாலை போட்டு அங்கே முகடு "கண்டுபிடித்த" படங்களில் பாதி, இரண்டு மாதிரிகளுக்கும் அழுத்தம் வேறாக இருந்ததன் விளைவு. அதற்கு எக்ஸ்பிஎஸ் அல்லது சிலிகான்-29 என்எம்ஆர் பக்கம் போங்கள்.